போயிங் 777 வடிவமைப்பில் அறிவுப் பகிர்வு

போயிங் 777 என்பது அமெரிக்காவின் போயிங் நிறுவனம் உருவாக்கிய இரட்டை எந்திர வானூர்தி ஆகும். முழுமையாகக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் வானூர்தி இதுவே. உற்பத்தித் துறையில் அறிவுப் பகிர்வும் கணினி நுட்பமும் ஒன்றையொன்று வலுப்படுத்தியதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பின்னணி

முன்னர் வடிவமைப்பாளர்கள் தாளில் வரைபடங்களை முடித்தபின் அவற்றை உற்பத்திப் பிரிவுக்கு அனுப்புவர். உதிரிப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை பெரும்பாலும் முழு அளவு மாதிரியுருவிலோ, தொழிற்சாலையில் பொருத்தும்போதோதான் வெளிப்படும். அந்நிலையில் திருத்துதல் காலத்தையும் பொருளையும் விரயமாக்கியது.

செயல்முறை

1990 அக்டோபரில் தொடங்கிய இத்திட்டத்திற்கு முதலில் பில் காண்டிட்டும், பின்னர் ஆலன் முலாலியும் தலைமை தாங்கினர். வடிவமைப்பு, உற்பத்தி, பராமரிப்பு ஆகியவற்றில் வல்லோர் ஒரே குழுவில் அமர்த்தப்பட்டனர். இவ்வாறு 200க்கும் மேற்பட்ட குழுக்கள் இயங்கின. எட்டு வான்சேவை நிறுவனங்களும் தொடக்கத்திலேயே கருத்துரைத்தன. பிரான்சின் டசோ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கேட்டியா மென்பொருளில் பாகங்கள் முப்பரிமாணத்தில் வரையப்பட்டன. ஒருவரது குழாய் மற்றவரது கம்பியின் பாதையில் குறுக்கிடுவதைக் கணினியே காட்டியது.

விளைவுகள்

சரிபார்ப்பதற்கென மூக்குப்பகுதி மாதிரியுரு ஒன்று செய்யப்பட்டது. அது துல்லியமாக அமைந்ததால் ஏனைய மாதிரியுருக்கள் கைவிடப்பட்டன. முதல் பறப்பு 1994 சூன் 12 அன்று நிகழ்ந்தது. 1995 சூன் 7 அன்று யுனைடெட் ஏர்லைன்சு இதைச் சேவையில் ஈடுபடுத்தியது.

மென்பொருள் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே வல்லது. அதைத் தீர்ப்பதற்குக் குழுவினர் தத்தம் அறிவை மறைக்காமல் பகிர்தல் இன்றியமையாததாயிற்று.