தூரிகை காத்த தேசம்

நாடிழந்த மக்களுக்கு எஞ்சி நிற்கும் செல்வம் யாது? மொழியைக் காத்து நின்றோர் உண்டு. பாட்டைக் காத்து நின்றோர் உண்டு. போலந்து மக்களோ இவற்றோடு போர்க்கள ஓவியங்களையும் காத்து நின்றனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சற்றே நோக்குவோம்.

ஐரோப்பாவின் பெருநாடுகளுள் ஒன்றாய் விளங்கிய போலந்தை, 1772க்கும் 1795க்கும் இடையே ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள், அப்பெயரில் சுதந்திர நாடு ஒன்று உலகப் படத்தில் இல்லை. 1830இலும் 1863இலும் ருஷ்ய ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிகள் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டன. வாள் தோற்ற அந்த வேளையில்தான் தூரிகை எழுந்தது.

அந்நாளில் சுதந்திர நகராக இருந்த கிராக்கோவில் 1838இல் பிறந்தவர் யான் மாத்தேய்கோ. 1863 கிளர்ச்சியின்போது போராளிகளின் பாசறைக்குப் படைக்கலங்களைக் கொண்டு சேர்த்ததோடு அவரது போர்ப்பணி முடிந்தது. பின்னர் வாழ்நாள் முழுவதையும் தம் நாட்டின் வரலாற்றைத் தீட்டுவதிலேயே செலவிட்டார்.

அவரது படைப்புகளுள் தலையாயது 'கிரூன்வால்ட் போர்'. 1410ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் போலந்து, லித்துவேனியப் படைகள் ஒன்றுகூடி ஜெர்மானிய டியூட்டானிக் வீரத்துறவியரை முறியடித்த நிகழ்ச்சி அது. ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட அத்திரையில் மனிதரும் குதிரைகளும் மூச்சுவிட இடமின்றி மோதுகின்றனர். நடுவே செவ்வாடையில் வாளுயர்த்தி நிற்பவர் லித்துவேனியக் கோமான் விதாவ்தாஸ். ஒருபுறம் வீரத்துறவியரின் தலைவர் உல்ரிக், எளிய காலாட்களின் கையால் மடியும் தறுவாயில் இருக்கிறார்.

1878இல் இவ்வோவியம் நிறைவுற்றபோது கிராக்கோ நகர மன்றம் ஓவியருக்குச் செங்கோல் ஒன்றை வழங்கிற்று. அரசன் இல்லாத ஒரு நாடு தன் ஓவியனின் கையில் செங்கோலைத் தந்ததன்றோ! மாத்தேய்கோ பெற்ற மதிப்புக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பகைவரும் அவ்வோவியத்தின் ஆற்றலை அறிந்திருந்தனர். 1939இல் நாஜிப் படைகள் போலந்தில் புகுந்தபோது, அன்பர்கள் அதனைச் சுருட்டி வார்சாவிலிருந்து லுப்ளினுக்குக் கொண்டுபோய் மறைத்தனர். நாஜிகள் எவ்வளவோ தேடியும், பெருந்தொகையைப் பரிசாக அறிவித்தும் அது அவர்கள் கைக்கு எட்டவில்லை. மண்ணுக்குள் கிடந்த அவ்வோவியம் 1944இல் வெளிவந்தது. வெறும் வண்ணத்துணிக்காக எவரும் உயிரைப் பணயம் வைப்பதில்லை. அத்துணியில் அவர்கள் தம்மையே கண்டனர்.

எனினும் ஓவியம் வேறு, வரலாறு வேறு என்பதை நாம் மறத்தலாகாது. கிரூன்வால்ட் வெற்றி போலந்து இனத்தாரின் தனி வெற்றியன்று. லித்துவேனியர், ருத்தேனியர் ஆகியோருடன், தோக்தமிஷ் கானின் மைந்தர் ஜலாலுத்தீன் தலைமையில் வந்த தாத்தாரியரும் அங்கே தோளோடு தோள் நின்று பொருதனர். பல இனத்தார் கூடி வென்ற களம் பிற்காலத்தில் ஓரினத்தின் பெருமையாகச் சுருங்கிற்று.

மாத்தேய்கோவின் 'வியன்னாவில் சோபியெஸ்கி' என்னும் ஓவியம் நமக்கு மேலும் சிந்தனை தருவது. 1683 செப்டம்பர் 12இல் உதுமானியப் படையைப் போலந்து மன்னர் சோபியெஸ்கி வியன்னாவின் வாயிலில் முறியடித்தார். அதன் இருநூறாம் ஆண்டு நிறைவில் மாத்தேய்கோ அவ்வோவியத்தைத் தீட்டி, போலந்து மக்களின் காணிக்கையாகப் போப்பரசருக்கு அளித்தார். இன்றும் அது வாத்திகனில் உள்ளது. எங்களால் காக்கப்பட்டவர்களே எங்களை மறந்தீர்களே என்னும் முறையீடு அதில் ஒலிக்கக் கேட்கிறோம். சோபியெஸ்கியால் காப்பாற்றப்பட்ட அதே வியன்னாதான், தொண்ணூறு ஆண்டு நிறைவதற்குள் போலந்தைக் கூறுபோட்டவர்களோடு சேர்ந்துகொண்டது.

இவ்வோவியத்தை மட்டும் காண்போர், சிலுவைக்கும் பிறைக்கும் இடையே நடந்த போர் என்றே கொள்வர். ஆனால் சோபியெஸ்கியின் படையிலும் முஸ்லிம் தாத்தாரியர் இருந்தனர். 1679இல் அம்மன்னர் அவர்களுக்கு வழங்கிய குருஷினியானி என்னும் சிற்றூரில் மரத்தாலான பள்ளிவாசல் ஒன்று இன்றும் நிற்கிறது. மறுபுறம், நாடிழந்த போலந்து மக்கள் பலருக்கு அடைக்கலம் தந்தது உதுமானிய அரசு. இஸ்தான்புல்லுக்கு அருகே 1842இல் அவர்களுக்கென ஓர் ஊரே எழுந்தது. போலந்தின் புகழ்மிக்க தளபதி யூசெஃப் பெம், இஸ்லாத்தைத் தழுவி முராத் பாஷா என்னும் பெயருடன் 1850இல் அலெப்போவில் மறைந்தார். அவர்களின் பெருங்கவிஞர் மித்ஸ்கியேவிச் 1855இல் இஸ்தான்புல்லில் கண்மூடினார். பழைய பகைவரின் மண்ணே புகலிடமாயிற்று!

பிற்கால ஆட்சிகளும் போர் ஓவியங்களைக் கண்டு அஞ்சின. 1794இல் கொஷ்சியுஷ்கோவின் தலைமையில் அரிவாளேந்திய உழவர்கள் ருஷ்யரை எதிர்த்து வென்ற ரட்ஸ்வாவித்ஸே போரை, 114 மீட்டர் நீளமுள்ள வட்ட ஓவியமாக 1894இல் லுவோவ் நகரில் அமைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் விரோத்ஸ்வாஃப் நகருக்கு வந்த அது, பல்லாண்டுகள் சுருட்டியே வைக்கப்பட்டிருந்தது. தோற்றவர் ருஷ்யர் என்பதே காரணம். 1985இல்தான் அது மக்கள் பார்வைக்கு வந்தது.

அடிமைப்பட்ட ஒரு சமுதாயத்துக்கு முன்னோரின் வெற்றி மருந்தாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. அம்மருந்தே போலந்தை 123 ஆண்டுகள் உயிர்வாழச் செய்தது. ஆனால், ஓவியன் திரையில் தீட்டியவர்களை மட்டும் நினைந்து, திரைக்கு வெளியே விடப்பட்டவர்களை மறக்கும் சமுதாயம் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது. குருஷினியானியின் சிறு பள்ளிவாசல், மாத்தேய்கோவின் பெருந்திரையில் காணாத அந்த மறுபாதியை நமக்கு ஓசையின்றி உரைத்துக்கொண்டிருக்கிறது.