அயா சமேஷிமா: பின்களத்தில் நின்ற நங்கை

உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தோர் பெயரை உலகம் எளிதில் மறப்பதில்லை. கோல் விழாது காத்தோரை நினைவிற் கொள்வோர் சிலரே. யப்பானிய மகளிர் அணியின் இடப்புறப் பின்காவலில் நின்ற அயா சமேஷிமாவின் வரலாறு, ஆட்டக்களத்தின் எல்லையைக் கடந்து ஒரு நாட்டின் துயரத்தோடும் மீட்சியோடும் பின்னிக் கிடப்பது.

1987ஆம் ஆண்டு தொச்சிகி மாகாணத்தின் உத்சுனோமியா நகரிற் பிறந்த இவர், வடகிழக்கேயுள்ள செந்தாய் நகரில் உயர்நிலைக் கல்வி கற்றார். 2006இல் புக்குஷிமா மாகாணத்தின் மரீஸ் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகம் தோக்கியோ மின்சாரக் கம்பனிக்கு உரியது. அக்காலத்தில் மகளிர்க்கு ஆட்டம் மட்டும் சோறு போடவில்லை. ஆதலின் வீராங்கனைகள் கம்பனியின் ஊழியராகவும் இருந்தனர். சமேஷிமா புக்குஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தார். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதிற் பயின்றார். கழகத்தின் பயிற்சிக்களம் ஜே விலேஜ். அது அந்நிலையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது.

2011 மார்ச் 11ஆம் நாள் நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அணுமின் நிலையம் சீர்குலைந்து கதிர்வீச்சுப் பரவிற்று. சுற்றுவட்டாரத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பச்சைப் புற்றரையாயிருந்த ஜே விலேஜ், விபத்தைக் கட்டுப்படுத்தச் சென்ற தொழிலாளரின் தங்குமிடமாயிற்று. மரீஸ் கழகத்தின் ஆட்டமும் நின்றது. வேலை, களம், கழகம் ஆகிய மூன்றையும் ஒருசேர இழந்த சமேஷிமா, ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் கழகத்திற்குச் சென்றார்.

அவ்வாண்டு யூன் மாதம் ஜேர்மனியில் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கிற்று. காலிறுதியில் யப்பானை எதிர்த்தது, முன்னிரு முறையும் கிண்ணத்தை வென்ற ஜேர்மனி. ஆட்டத்துக்கு முன் பயிற்றுநர் நோரியோ சசாகி, பேரழிவின் காட்சிகளைத் தம் வீராங்கனைகளுக்குக் காட்டினார். எவர்க்காக ஆடுகின்றோம் என்பதற்கு அதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை. மேலதிக நேரத்தில் கரீனா மருயாமா அடித்த ஒரே கோலால் யப்பான் வென்றது. அவரும் முன்னாளில் மரீஸ் கழகத்தில் ஆடியவரே.

யூலை 17ஆம் நாள் பிராங்பேட்டில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரணி ஐக்கிய அமெரிக்கா. அதனை யப்பான் அதற்கு முன் ஒருபோதும் வென்றதில்லை. இருமுறை பின்தங்கியும் இருமுறை சமன்செய்த யப்பான், தண்ட உதையில் 3-1 என வெற்றி கண்டது. ஆசிய நாடொன்று மகளிர் உலகக் கிண்ணத்தை ஏந்தியது அதுவே முதன்முறை. அவ்வாகஸ்ட்டில் அரசாங்கம் அணிக்கு மக்கள் கௌரவ விருதளித்தது. தனிமனிதர்க்கே வழங்கப்பட்டுவந்த அவ்விருதை ஒரு குழு பெற்றது அப்போதுதான்.

பின்னர் சமேஷிமா பிரான்சின் மொன்பெலியேக் கழகத்தில் ஆடினார். 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மொன்பெலியேக்குப் பின் அவர் நாடியது செல்வம் மிகுந்த கழகத்தையன்று. மரீஸ் வீராங்கனைகளை ஏற்று, பேரழிவு கண்ட வடகிழக்கிலேயே புதிதாய் எழுந்த செந்தாய் மகளிர் கழகத்தில் ஆடத் திரும்பினார். சிதறிய தோழியர் மீண்டும் ஓரணியாய் நின்றது, வெறுங் கிண்ணத்தினும் பெரிய வெற்றி எனலாம்.

2015இல் கனடாவில் கமரூனுக்கு எதிராக ஆறாவது நிமிடத்திற் கோல் அடித்தார். அம்முறை இறுதியாட்டத்தில் அமெரிக்கா 5-2 என வென்றது. 2019 உலகக் கிண்ணத்திலும் அவர் யப்பானுக்காக ஆடினார்.

ஜே விலேஜ் 2019இல் முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. 2021 மார்ச் 25ஆம் நாள் தோக்கியோ ஒலிம்பிக் சுடரோட்டம் அங்கிருந்தே புறப்பட்டது. சுடரை முதலில் ஏந்திச் சென்றோர் 2011ஆம் ஆண்டின் மகளிர் அணியினர். துயரத்தின் பாசறையாயிருந்த நிலத்தில் மீண்டும் புல் முளைத்துவிட்டது. எனினும் ஊரிழந்தோர் பலரின் இல்லங்களில் அன்றும் விளக்கேற்றப்படவில்லை. விளையாட்டு இழந்ததை மீட்டுத் தருவதில்லை. இழந்தோர் தலைநிமிர்ந்து நிற்க ஒரு பொழுதைத் தருகின்றது. காவல் நிற்போரின் பெருமை அத்தகையதே.