வேட்பாளர் யார்? ஒரு டீ பந்தயமும் மூன்று பழைய கதைகளும்

இந்த முறை வரலாறு. பயந்து ஓடிவிடாதீர்கள், தேர்வுக்கு வராத வரலாறுதான் :-)

2022 ஜூன் மாதம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாங்கள் நான்கு பேர் ஒரு பந்தயம் கட்டினோம். ஆளுங்கட்சி யாரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அறிவிக்கும்? துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். ஒருவன் ஒரு கவர்னர் பெயரைச் சொன்னான். இன்னொருவன் தமிழ்நாட்டிலிருந்துதான் வருவார் என்றான். ஜூன் 21 இரவு திரௌபதி முர்மு பெயர் வந்தது. நான்கு பேருமே தோற்றோம். யார் யாருக்கு டீ வாங்கிக் கொடுப்பது என்று தெரியாமல் அவரவர் காசை அவரவர் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னபோது சிரித்தார். எங்கள் குடும்பம் திருத்தணிப் பக்கம். தாத்தா பழைய காங்கிரஸ்காரர், காமராஜர் பக்தர். "டேய் தம்பி, வெளியில நிக்கிறவன் கண்ணுக்கு ரூம்ல இருக்கிறவன் கணக்கு தெரியாதுடா. 67லயும் நாங்க இப்படித்தான் ஏமாந்தோம்" என்றார். அது என்ன 67 என்று கேட்கப் போய், படிக்கப் போய், கடைசியில் இந்தக் கட்டுரை வரைக்கும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் இந்த விளையாட்டே வேறு மாதிரி. அங்கே கட்சியின் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் கணிப்பவர்களுக்குக் கருத்துக்கணிப்பு, வசூலான நிதி, முந்தைய தேர்தல் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. அப்படியும் தவறுகிறார்கள். 2007 முழுக்க ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டன்தான் முன்னணியில் இருந்தார். 2008 ஜனவரியில் அயோவாவில் ஒபாமா ஜெயித்தார், கணக்கு மாறிவிட்டது.

நம் நாட்டில் குடியரசுத் தலைவருக்கான வேட்பாளரைக் கட்சித் தலைமையில் ஏழெட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததில் மூன்று கதைகளை மட்டும் சொல்கிறேன். மூன்றிலும் நம் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு.

முதல் கதை: ராஜாஜி

1948 ஜூன் முதல் ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1950ல் நாடு குடியரசாகும்போது அவரே முதல் குடியரசுத் தலைவராகத் தொடர்வார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிரதமர் நேருவும் அதையே விரும்பினார். பிரதமரே விரும்பினால் அப்புறம் என்ன?

அப்புறம்தான் இருக்கிறது விஷயம். காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் 1942ஐ மறக்கவில்லை. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ராஜாஜி ஆதரிக்கவில்லை. மற்றவர்கள் சிறையில் கிடந்தபோது அவர் வெளியே இருந்தார் என்ற கசப்பு ஏழு வருடம் கழித்தும் ஆறவில்லை. கட்சிக்குள் ராஜேந்திர பிரசாத்துக்கு ஆதரவு பெருகியது. நேரு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. 1950 ஜனவரி 24 அன்று பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

இதில் எனக்குக் கிடைத்த பாடம்: கட்சி எதை மறக்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் கதை: எங்கள் ஊர்க்காரர்

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர். திருத்தணியில் ஆரம்பித்த படிப்பு திருப்பதி, வேலூர் வழியாக சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வரை போனது. 1952லிருந்து பத்து வருடம் துணைக் குடியரசுத் தலைவர். 1957லேயே அவரைக் குடியரசுத் தலைவராக்க நேரு நினைத்தார். ஆனால் பிரசாத் இரண்டாம் முறை நிற்க விரும்பினார், கட்சியும் அவர் பக்கம் சாய்ந்தது. ராதாகிருஷ்ணன் 1962 வரை காத்திருந்தார். அந்தத் தேர்தலில் அவருக்கு 5,53,067 வாக்கு மதிப்பு. அடுத்து வந்தவருக்கு வெறும் 6,341.

இங்கே ஒரு ஊர்ப்பெருமை. திருத்தணி அப்போதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், ம.பொ.சி. போன்றவர்களின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று இங்கே வந்தது. இரண்டே வருடத்தில் அந்த ஊர்ப் பிள்ளை ராஷ்டிரபதி! தாத்தா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

1967ல் ஐந்து வருடம் முடிந்தது. பிரசாத்துக்கு இரண்டாம் முறை கிடைத்ததே, இவருக்கும் கிடைக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்களாம். காரணம், காங்கிரஸ் தலைவர் காமராஜர். 1964ல் சாஸ்திரியையும் 1966ல் இந்திராவையும் பிரதமராக்கியவர் அவர். அவரும் ராதாகிருஷ்ணனே தொடர வேண்டும் என்றுதான் விரும்பினார். இதைவிட வலுவான சிபாரிசு உண்டா?

ஆனால் நம்பியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த பிப்ரவரித் தேர்தலில் காமராஜரே விருதுநகரில் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றிருந்தார். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சிக்கு வந்துவிட்டது, வேறு பல மாநிலங்களிலும் காங்கிரஸ் சரிந்தது. கட்சித் தலைவர் பதவி கையில் இருந்தது, பழைய கை பலம் இல்லை. இந்திராவோ துணைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேனை விரும்பினார். அரசின் நிர்வாகக் கோளாறுகளை வெளிப்படையாகவே கண்டித்துப் பேசியவர் ராதாகிருஷ்ணன், அப்படிப்பட்டவர் தொடர்வதில் பிரதமருக்கு ஆர்வம் இருந்திருக்காது என்பது என் ஊகம். அதே நேரம் ஒரு முஸ்லிம் இந்த நாட்டின் முதல் குடிமகனாவது பெரிய விஷயம் என்பதையும் மறுக்க முடியாது.

ஏப்ரலில் ராதாகிருஷ்ணன் தாமே விலகிக்கொண்டார். ஜாகிர் உசேன் 4,71,244 பெற்று, தலைமை நீதிபதி பதவியை விட்டுவந்து எதிர்த்து நின்ற சுப்பா ராவை (3,63,971) வென்றார். ராதாகிருஷ்ணன் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினார். "எங்க காமராஜர் சொல்லியுமா நடக்கல" என்று தாத்தா பல நாள் நம்பவில்லையாம்.

பாடம்: போன வருடம் யார் பலசாலி என்று பார்த்து இந்த வருடத்தைக் கணிக்கக் கூடாது.

மூன்றாம் கதை: பெங்களூர், 1969

இதுதான் முக்கியமான கதை. 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூலையில் காங்கிரஸ் பெங்களூரில் கூடியது.

அன்றைய சூழலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல் போன்ற மூத்த தலைவர்களை 'சிண்டிகேட்' என்று பத்திரிகைகள் அழைத்தன. அவர்களுக்கும் இந்திராவுக்கும் நேரடி மோதல். குடியரசுத் தலைவர்தான் பிரதமரை நியமிப்பவர். கட்சியில் சண்டை முற்றி ஆட்சி ஆட்டம் கண்டால், ராஷ்டிரபதி மாளிகையில் யார் இருக்கிறார் என்பது இந்திராவுக்கு உயிர்ப் பிரச்சினை. சிண்டிகேட்டுக்கும் அப்படியே.

சிண்டிகேட் நீலம் சஞ்சீவ ரெட்டியைக் கொண்டுவந்தது. இந்திரா ஜகஜீவன் ராம் பெயரை முன்வைத்தார். ஜூலை 12 அன்று நாடாளுமன்றக் குழுவில் வாக்கெடுப்பு. ரெட்டிக்கு 4, ஜகஜீவன் ராமுக்கு 2. காமராஜர், மொரார்ஜி, பாட்டீல் மூவரும் ரெட்டி பக்கம் என்பது தெரிந்ததே. நான்காவது வாக்கு உள்துறை அமைச்சர் ஒய்.பி.சவானுடையது. அவர் அந்தப் பக்கம் போனதுதான் தீர்மானித்தது. இந்திராவோடு நின்றவர் ஒரே ஒருவர்: பக்ருதீன் அலி அகமது. (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறது.)

சரி, வேட்பாளர் முடிவாகிவிட்டார். கணித்தவர்கள் ஜெயித்துவிட்டார்களா? இல்லை!

ஜூலை 16 அன்று மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 19 அன்று 14 வங்கிகள் தேசியமயம். அடுத்த நாளே கிரி தம் பதவியை விட்டு விலகி சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். கிரி சாதாரண ஆள் இல்லை. ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்றார் இந்திரா. சொந்தக் கட்சி வேட்பாளருக்கு எதிராக வாக்களிக்க அதுவே அனுமதிச் சீட்டு. தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது.

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20 அன்று எண்ணிக்கை. முதல் சுற்றில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, மூன்றாவதாக சி.டி.தேஷ்முக் 1,12,769. யாருக்கும் தேவையான பாதி கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650 மட்டுமே. இன்றுவரை இரண்டாம் விருப்ப வாக்கால் முடிவான ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அதுதான். நவம்பரில் கட்சியே இரண்டாக உடைந்தது.

எங்கள் வீடும் உடைந்தது. தாத்தா காமராஜரோடு பழைய காங்கிரஸில் நின்றார். அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, வடசென்னையில் ஒரு மில்லில் வேலை, சங்கத்துக்காரர். "தொழிலாளிங்க தலைவர் ராஷ்டிரபதி ஆயிட்டார்" என்று அவர் கற்கண்டு வாங்கி வந்து கொடுத்தாராம். தாத்தா அதைக் கையால் தொடவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மூன்று வருடம் ஆனது. யாரோ எட்டுப் பேர் பெங்களூரில் ஓர் அறையில் கை தூக்கியதற்கு, திருத்தணிப் பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு டீ பந்தயம் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்படியானால் கணிக்கவே முடியாதா?

ஓரளவு முடியும் என்பது என் தாழ்மையான கருத்து. மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, அறைக்குள் இன்றைக்கு யார் கை ஓங்கியிருக்கிறது? இரண்டு, முதலில் வெளியான பெயர்களை யார் எதிர்ப்பார்கள்? முதலில் அடிபடும் பெயர் பெரும்பாலும் கருகிவிடுகிறது. 2002ல் பி.சி.அலெக்சாண்டர், கிருஷ்ண காந்த் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அப்துல் கலாமுக்கு ஜூன் 10 அன்று பிரதமர் வாஜ்பாயியிடமிருந்து போன் வந்தது. 2007ல் சிவராஜ் பாட்டீல் பெயரை இடதுசாரிகள் ஏற்கவில்லை, யாரும் நினைக்காத பிரதிபா பாட்டீல் வந்தார்.

மூன்று, வாக்குக் கணக்கு. இதில் நம் மாவட்டமும் உண்டு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருத்தணி என்று திருவள்ளூர் மாவட்டத்தில் 10 தொகுதிகள், ஆக 1,760. ஒரு எம்.பி.யின் மதிப்பு 2022ல் 700. மொத்தம் 10,86,431ல் இது கடுகுதான். ஆனால் 1969ன் 14,650ஐ நினைத்தால் கடுகும் காரம்தான். இந்த 176 இன்னும் 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு என்பது கூடுதல் தகவல். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக அப்படி நிறுத்திவைத்தார்கள்.

அந்தப் பெயர்

பெங்களூரில் இந்திராவோடு கை தூக்கிய பக்ருதீன் அலி அகமதை மறந்துவிடவில்லையே? 1974ல் அவர் காங்கிரஸ் வேட்பாளராகிக் குடியரசுத் தலைவரானார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிப்பு அவர் முன்னால் வந்தது. கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக் கூட்டம் அதற்குப் பிறகு, மறுநாள் காலையில்தான் நடந்தது. அதே இடத்தில் ராதாகிருஷ்ணன் மாதிரி ஒருவர் இருந்திருந்தால், குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாரோ என்று தாத்தா அடிக்கடி சொல்வார். நிரூபிக்க முடியாது. ஆனால் தள்ளிவிடவும் முடியவில்லை. தோற்ற சஞ்சீவ ரெட்டியோ 1977ல் போட்டியே இல்லாமல் ராஷ்டிரபதியானார், அது தனிக்கதை.

எனவே நண்பர்களே, 'யார் வேட்பாளர்' என்று மட்டும் கணிப்பது பாதி விளையாட்டுதான். 'ஏன் இவரைப் போடுகிறார்கள், நாளைக்கு ஒரு காகிதம் வந்தால் இவர் படித்துப் பார்ப்பாரா' என்று கேட்பதுதான் மீதிப் பாதி. முதல் பாதியில் தோற்றால் ஒரு டீயோடு போகும்.

2022 ஜூலை 25 அன்று பதவியேற்றவரின் ஐந்தாண்டு 2027 ஜூலையில் நிறைகிறது. அந்த முறை பந்தயத்தில் நான் எந்தப் பெயரும் சொல்லப் போவதில்லை. டீ மட்டும் நான் வாங்கித் தருகிறேன்.

பி.கு: சின்னத் தாத்தா இப்போது இல்லை. அவர் நினைவு நாளில் தாத்தா இப்போதும் கற்கண்டு வாங்கி வருவார். ஏன் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.