ஹொப்பர் வண்டியின் கதவு: தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயம்

புகையிரதத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நீராவி இயந்திரத்தையும் இருப்புப் பாதையையும் பெரும் பாலங்களையும் பற்றியே விரிவாக எழுதியுள்ளனர். பாரவண்டிகளைப் பற்றி எழுதியோர் சிலரே. பாரவண்டியின் அடியில் அமைந்த கதவினைப் பற்றியும், அதனைத் திறந்து மூடிய தொழிலாளியைப் பற்றியும் எழுதியோர் அவரினும் சிலர். ஆயினும் கைத்தொழிற் புரட்சியின் உணவாகிய நிலக்கரி சுரங்கத்திலிருந்து கப்பலுக்கும் உலைக்கும் சென்றது இக்கதவுகளின் வழியாகவே என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்கதவு எவ்வாறு ஆபத்தானதாயிருந்தது, எவ்வாறு படிப்படியாகப் பாதுகாப்புடையதாயிற்று, அதற்கு ஏன் அத்துணை நீண்ட காலம் சென்றது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹொப்பர் வண்டி என்பது மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் அமைந்த பெட்டியுடைய பாரவண்டி. அதன் உட்பக்கத் தகடுகள் சரிவானவை. அடியில் கீல்களிற் பொருத்திய கதவுகள் உள்ளன. நிலக்கரி, இரும்புத் தாது, சரளைக்கல் முதலியவற்றை மேலிருந்து கொட்டி நிரப்புவர். கதவைத் திறந்ததும் பாரம் தன் நிறையினாலேயே கீழே இறங்கிவிடும். அகப்பையால் பல மணிநேரம் அள்ளவேண்டிய பாரத்தைச் சில நிமிடங்களில் இறக்குவதற்குப் புவியீர்ப்பு கூலி கேட்பதில்லை. ஆனால் அதே புவியீர்ப்பு கதவையும், கதவைத் தாங்கும் சங்கிலியையும், சங்கிலியைப் பிடித்திருக்கும் கையையும் ஒருங்கே அழுத்திக்கொண்டிருக்கின்றது. இவ்வண்டியின் நன்மையும் தீமையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை எனலாம்.

இதன் மூதாதையை வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கப் பாதைகளிற் காணலாம். நீராவி இயந்திரம் தோன்றுமுன்னரே அங்கு மரத்தண்டவாளங்களின் மீது குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்தன. ‘சால்ட்றன்’ எனப்பட்ட இவ்வண்டி, நியூகாசில் அளவையில் 53 அந்தர் நிலக்கரியைக் கொண்டது. அதன் அடியில் ஒரு கதவிருந்தது. தைன் ஆற்றங்கரையில் உயர்ந்த மரமேடைகள் கட்டப்பட்டன. மேடையின் மீது வண்டியை நிறுத்தி, கதவின் கொளுவியைச் சுத்தியலால் தட்டிவிட்டால், நிலக்கரி சறுக்குவாய்க்கால் வழியே கப்பலினுள் விழும். அதற்குமுன் ‘கீல்’ என்னும் தோணிகளில் நிலக்கரியை ஏற்றிச் சென்று, கப்பலில் அகப்பையால் வீசிய தோணித் தொழிலாளர் இச்சறுக்குவாய்க்கால்களால் தம் பிழைப்புக் கெடுவதை உணர்ந்தனர். 1822இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பத்து வாரங்கள் வரை நீடித்தது. பாரத்தைத் தானே இறக்கும் கதவு, தோன்றிய காலந்தொட்டே ஒரு சமூகப் பிரச்சினையாகவும் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இம்மேடைகளுட் பெரியது, கேற்ஸ்கெட் நகரை அடுத்த டன்ஸ்ரனில் வடகிழக்குப் புகையிரதக் கம்பனி அமைத்து 1893இல் திறந்த மேடையாகும். அதன் நீளம் 526 மீற்றர். அதன் மீது நின்று வண்டிகளின் கதவுகளைத் திறந்தோர் ‘ரீமர்’ எனப்பட்டனர். கப்பலினுள் விழுந்த நிலக்கரியைச் சமப்படுத்தியோர் ‘ரிம்மர்’ எனப்பட்டனர். ரீமரின் வேலை சுத்தியலையும் கடப்பாரையையும் நம்பியது. மழையில் நனைந்தும் பனியில் உறைந்தும் இறுகிய நிலக்கரி கதவைத் திறந்தபின்னும் அசையாது நிற்கும். அப்பொழுது கடப்பாரையால் குத்தவேண்டும். சிலவேளை வண்டியினுள் இறங்கியும் குத்தவேண்டும். இறுகி நின்ற பாரம் திடீரென இளகிச் சரியுமாயின், அதன்மேல் நிற்பவன் பாரத்தோடு கீழே இழுபட்டுப் புதையுண்டு மூச்சடைக்க நேரும்.

அத்திலாந்திக்கின் மறுகரையில் இப்பிரச்சினை பன்மடங்கு பெருகிற்று. 1897இல் பிற்ஸ்பேர்க்கை ஏரி ஈரியுடன் இணைத்த புகையிரதக் கம்பனியொன்று, சார்ள்ஸ் ஷோன் என்பவரது தொழிற்சாலையிடம் 600 உருக்கு ஹொப்பர் வண்டிகளைக் கட்டுமாறு பணித்தது. அன்றுவரை மரத்தாலான வண்டிகளே பெருவழக்காயிருந்தன. உருக்கு வண்டியோ 100,000 இறாத்தல் வரை பாரந்தாங்க வல்லது. சால்ட்றன் வண்டியோடு ஒப்பிடின் இது பதினாறு மடங்குக்கும் அதிகமாகும். வண்டி வளர்ந்தது, பாரம் வளர்ந்தது, கதவைத் திறந்த மனிதனின் கை மட்டும் வளரவில்லை.

அக்காலக் கதவுப் பொறியின் அமைப்பை ஈண்டுச் சற்று விளக்குதல் வேண்டும். வண்டியின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு ஓடும். கதவுகளிற் கட்டிய சங்கிலிகள் அத்தண்டிற் சுற்றப்படும். தண்டின் முனையில் ஒரு பற்சில்லும், அதன் பல்லில் விழுந்து தண்டு பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் ஒரு நாக்கும் இருக்கும். கதவை மூடுதற்குத் தொழிலாளி தண்டின் முனையில் நீண்ட இரும்புக் கைப்பிடியொன்றை மாட்டிச் சங்கிலியைச் சுற்றுவான். இதில் இடர் அதிகமில்லை. இடர் திறக்கும்போதே வரும். பாரத்தின் அழுத்தமெல்லாம் அந்த நாக்கிலேயே தங்கியிருப்பதால் அதனை எளிதில் விலக்கவியலாது. கைப்பிடியால் தண்டைச் சிறிதே முன்னோக்கித் திருப்பி நாக்கைத் தளர்த்தியபின்னரே அதனை உயர்த்தலாம். உயர்த்திய அக்கணத்தில், கதவின் மீதிருந்த நிலக்கரியின் அழுத்தமெல்லாம் தொழிலாளியின் கையிலுள்ள கைப்பிடியைத் தாக்கும். கைப்பிடியை நேரத்தோடு கழற்றாதவனுக்கு அது சுழன்றடிக்கும் இரும்புத் தடியாகிவிடும். கை முறிவதும் தாடை உடைவதும், சில வேளைகளில் உயிரே போவதும் இவ்வாறுதான். கைப்பிடியைத் தவிர்த்து நாக்கைச் சுத்தியலால் தட்டிவிடுவோரும் இருந்தனர். அவ்வாறு செய்வோர் வீழும் கதவுக்கும் நிலக்கரிக்கும் அண்மையில் நிற்கவேண்டியிருந்தது.

இக்காலத்திலேயே அமெரிக்கப் புகையிரதத் தொழிலாளரின் பாதுகாப்புக்காக ஒரு பெரும் இயக்கம் நடந்தமை குறிப்பிடத்தக்கது. வண்டிகளை இணைத்த பழைய வளையமும் ஊசியும் எண்ணற்ற தொழிலாளரின் விரல்களையும் உயிர்களையும் கொண்டன. ஈலை ஜன்னி 1873இல் தானாக இணையும் கொளுவிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அயோவாவைச் சேர்ந்த லொறன்சோ கொபின் என்பவர் இக்கொளுவியையும் காற்றழுத்தத் தடுப்பையும் கட்டாயமாக்குமாறு ஆண்டுக்கணக்காகப் போராடினார். 1893 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்கப் புகையிரத ஊழியர் ஏறத்தாழ 2,700 பேர் மாண்டனர். அவ்வாண்டு மார்ச் 2ஆந் திகதி புகையிரதப் பாதுகாப்புக் கருவிகள் சட்டம் நிறைவேறியது. 1900இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1910இல் அதனைத் தொடர்ந்த சட்டம் ஏணி, படி, கைபிடி, கைத்தடுப்பு முதலியவற்றையும் கட்டாயமாக்கியது.

ஆனால் இச்சட்டங்கள் வகுத்த கருவிகளின் வரிசையில் ஹொப்பர் கதவின் பொறி இடம்பெறவில்லை. வண்டியின் இரு முனைகளும் பக்கங்களும் கூரையும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன. வண்டியின் அடிப்பாகம் வரவில்லை. இதற்குக் காரணம் யாது? விடை கதவின் பொறியில் இல்லை; உடைமை உறவுகளிலேயே உள்ளது. வண்டிகளைக் கோத்தவனும் தடுப்பைத் திருகியவனும் புகையிரதக் கம்பனியின் ஊழியர். ஹொப்பர் கதவைத் திறந்தவனோ பெரும்பாலும் உருக்காலையின், துறைமுகத்தின், மின்நிலையத்தின் அல்லது நிலக்கரி வணிகனின் கூலியாள். வண்டி ஒருவருடையது, அதனை இறக்கும் கை வேறொருவரின் கூலிக்குட்பட்டது. பொறியைத் திருத்தும் செலவு வண்டியின் சொந்தக்காரருக்கு. முறிந்த கையின் இழப்பு வேறிடத்தில். 1908இல் இயற்றப்பட்ட சமஷ்டி வேலைகொள்வோர் பொறுப்புச் சட்டமும் புகையிரதக் கம்பனிகளின் ஊழியருக்கே உரியதாயிருந்தது. இவ்வாறு பொறுப்பு இருவரிடையே பிளவுண்டு நின்றபோது அக்கதவு எவருடைய கவலையுமாகவில்லை.

இவ்வண்டிகளைக் கட்டியோரின் நிலையும் இதனின் வேறன்று. ஷோனின் முயற்சியிலிருந்து எழுந்த அழுத்துருக்கு வண்டிக் கம்பனி பிற்ஸ்பேர்க்கை அடுத்த மக்கீஸ் றொக்ஸில் நடத்திய ஆலை, அதன் தொழிலாளரால் ‘கொலைக்களம்’ என்றே அழைக்கப்பட்டது. 1909இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் பன்னிருவருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர்.

மாற்றம் இரு வழிகளில் வந்தது. ஒன்று சட்டவழி. பிரித்தானியாவில் 1897இலும் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1911இலும், அதனைத் தொடர்ந்து பிற மாநிலங்களிலும், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. யாருடைய தவறு என்ற வினாவின்றியே காயத்துக்கு ஈடு வழங்கவேண்டியதாயிற்று. முறிந்த கைக்கு முதன்முறையாக ஒரு விலை எழுதப்பட்டது. மற்றையது பொறியியல் வழி. கதவைத் தாங்கும் பொறுப்பைச் சங்கிலியிலிருந்தும் நாக்கிலிருந்தும் அகற்றவேண்டும் என்பதை அமைப்பாளர் உணரத் தலைப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் இதற்கெனப் பல உரிமைப்பத்திரங்கள் பெறப்பட்டன.

அவற்றுட் சிறந்ததொரு தத்துவத்தை மனிதனின் முழங்காலைக் கொண்டு விளக்கலாம். கால் நேராக நிற்கையில் தலைமேல் உள்ள சுமையைத் தசைகளின் அதிக முயற்சியின்றியே எலும்புகள் தாங்குகின்றன. முழங்கால் மடங்கியதும் அத்தாங்குதல் குலைகின்றது. அவ்வாறே இரு இரும்புக் கரங்களைக் கீலால் இணைத்து, கதவு மூடியபின் அவை நேர்கோட்டைச் சற்றுக் கடந்து நிற்குமாறு அமைத்தனர். இந்நிலையில் பாரம் அழுத்தும்தோறும் பூட்டு இறுகுமேயன்றி இளகாது. தொழிலாளி நெம்பினால் கரங்களை நேர்கோட்டுக்கு இப்பால் கொணர்ந்தபின்னரே கதவு விழும். விழும் விசை அவனது கையைத் தாக்காதவாறு நெம்புக்கும் தண்டுக்கும் இடையே சிறிது வெற்றசைவு விடப்பட்டது. வேறு சில வண்டிகளில், சங்கிலி கதவை உயர்த்தி முடிந்ததும் சுழல்தண்டே கதவின் விளிம்புக்கு அடியில் நகர்ந்து அதனைத் தாங்கிற்று. பின்னாளில், கைப்பிடியைத் திருப்பும் அசைவின் முற்பகுதி பூட்டை விடுவிக்க, பிற்பகுதி கதவை நகர்த்தும் வகையிலான அமைப்புகளும் வழக்கிற்கு வந்தன. இவை அனைத்துக்கும் பொதுவான நோக்கம் ஒன்றே: பாரத்தின் விசை மனிதனின் கைவழியே செல்லலாகாது.

ஆயினும் கதவு பாதுகாப்புடையதாகியும் மனிதன் வண்டியின் அருகிலேயே நின்றான். அவனை அங்கிருந்து அகற்றிய மாற்றம் பிரித்தானியாவில் 1960களில் நிகழ்ந்தது. அக்காலை நிலக்கரிச் சுரங்கங்களும் புகையிரதமும் மின்னுற்பத்தியும் மூன்று அரச நிறுவனங்களின் கையில் இருந்தன. சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கும் மீண்டும் சுரங்கத்துக்கும் ஒரே தொடராய் ஓடும் புகைவண்டித் திட்டம் வகுக்கப்பட்டது. குடைராட்டினத்தின் பெயரால் அது ‘மெரி கோ றவுண்ட்’ எனப்பட்டது. 1964இல் டார்லிங்டன் பட்டறையில் மாதிரி வண்டிகள் உருவாயின. ஏறத்தாழ 32 தொன் ஏற்றவல்ல அவ்வகை வண்டிகள் பின்னர் பத்தாயிரத்துக்கும் மேலாகக் கட்டப்பட்டன. மின்நிலையத்தில் வண்டித்தொடர் நிற்பதேயில்லை. மணிக்கு அரை மைல் வேகத்தில் ஊர்ந்து செல்லும். பாதையோரத்திலுள்ள கருவி ஒவ்வொரு வண்டியின் நெம்பையும் தள்ளிக் கதவைத் திறக்கும். பாரம் இறங்கியபின் மற்றொரு கருவி மூடிவிடும். எவரது கையும் கதவைத் தீண்டவேண்டியதில்லை. இந்தியாவிலும் தேசிய அனல் மின் கழகத்தின் நிலையங்கள் பலவற்றில் இத்தகைய சுற்றோட்ட முறை கைக்கொள்ளப்பட்டது. அங்கு அமுக்கிய வளியினால் கதவு திறக்கும் வண்டிகள் பயன்பட்டன.

இத்திட்டத்தின் முதல் நோக்கம் தொழிலாளியின் பாதுகாப்பன்று. வண்டிகள் காத்துக்கிடக்கும் காலத்தைக் குறைத்துச் செலவைக் குறைப்பதேயாகும். எனினும் அமெரிக்காவில் நீண்ட காலம் தீராதிருந்த சிக்கல் இங்கு தீர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. வண்டியை ஓட்டியவரும் அதனை நிரப்பியவரும் அதனை இறக்கியவரும் ஒரே திட்டத்தின் கீழ் வந்தனர். பிளவுண்டிருந்த பொறுப்பு ஒன்றாயிற்று. முன்னரே அறியப்பட்டிருந்த பொறிமுறைத் தத்துவங்கள் அதன்பின்னரே முழுப்பயன் அளித்தன.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கையைக் காத்த பொறி, கைக்கு இருந்த வேலையையும் எடுத்துக்கொண்டது. 1822இல் தோணித் தொழிலாளர் அஞ்சியது பின்னர் ரீமர்களுக்கும் நேர்ந்தது. டன்ஸ்ரன் மேடை 1980இல் மூடப்பட்டு இன்று வரலாற்றுச் சின்னமாக நிற்கின்றது. பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்நிலையமான றட்கிளிவ் 2024 செப்தெம்பர் 30ஆந் திகதி மூடப்பட்டது. ஆபத்தான தொழில் ஒழிந்தது நன்றே. ஆனால் அத்தொழிலால் வாழ்ந்தோருக்கு மாற்றுவழி யாது என்ற வினாவைக் கதவின் பொறி தீர்த்துவைக்கவில்லை. அது பொறியாளர் தனித்துத் தீர்க்கக்கூடிய வினாவுமன்று.

முடிவாக நோக்குமிடத்து, ஹொப்பர் கதவின் வரலாறு உணர்த்துவது இதுவே. ஓர் ஆபத்து நீண்ட காலம் நீடிப்பதற்கு அறிவின் குறைபாடு மட்டும் காரணமன்று. கருவி ஒருவரிடமும் காயம் இன்னொருவரிடமும் இருக்கும் வரை, திருத்தம் எவருடைய கடமையுமாவதில்லை. ஆபத்தின் செலவு, அதனை நீக்கும் ஆற்றலுடையவரின் கணக்கில் எழுதப்படும்போதே பாதுகாப்புப் பிறக்கின்றது. நட்டஈட்டுச் சட்டங்கள் அக்கணக்கை ஓரளவுக்கு எழுதின. ஒருங்கிணைந்த திட்டம் அதனை நிறைவாக்கிற்று. வண்டியின் அடியில், எவரும் குனிந்து பாராத இடத்தில் இருந்த அந்தச் சிறு கதவு கூறும் பாடம், தொழிலாளரின் கையும் முதலாளரின் கருவியும் சந்திக்கும் இடமெங்கும் பொருந்துவதாகும்.