மலாயாவும் தாமஸ் கிண்ணமும்

விளையாட்டு வேறு, விளையாட்டுப் போட்டி வேறு. முன்னது ஆடுவோரின் இன்பத்தோடு முடிந்துவிடும். பின்னதிலோ களத்தில் நிற்போர் ஓரிருவரேயாயினும் வெல்வதும் தோற்பதும் ஒரு மக்கட்கூட்டமாகும். அக்கூட்டம் நாடென்னும் தகுதியைப் பெறாதிருக்கும் காலத்திலும் போட்டி அதற்கொரு பெயரைத் தந்துவிடுகிறது. மலாயாவின் பூப்பந்து வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பூப்பந்தாட்டத்தின் தொடக்க விதிகள் 1870-களில் இந்தியாவின் பூனா நகரில் ஆங்கிலேயப் படையினரிடையே உருவானவை. ஆங்கிலேயரோடு மலாயாவிற்கு வந்த இவ்வாட்டத்திற்குப் பரந்த திடல் தேவையில்லை. ஒரு வலையும் மட்டைகளும் சிறிது வெற்றிடமும் இருந்தால் போதும். எளியோரிடையே அது வேரூன்றியதில் வியப்பில்லை.

1939-ஆம் ஆண்டில் அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் தாமஸ், நாடுகளுக்கிடையிலான ஆடவர் போட்டிக்கென ஒரு கிண்ணத்தை வழங்கினார். (சதுரங்கத்திலும் அவர் பிரிட்டனின் வெற்றிவீரர் என்பது பலர் அறியாத செய்தி.) உலகப்போர் குறுக்கிட்டமையால் முதற்போட்டி 1948-49-இல்தான் நடைபெற்றது.

அக்காலத்து மலாயாவின் நிலை யாது? ஜப்பானியர் ஆட்சி நீங்கி நான்கு ஆண்டுகளும் நிறையவில்லை. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டமைப்பு தோன்றியபோது சிங்கப்பூர் அதில் சேர்க்கப்படாமல் தனிக் குடியேற்ற நாடாகவே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. குடியுரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற வழக்கும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் தாமஸ் கிண்ணக் குழு அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. சிங்கப்பூரின் வோங் பெங் சூனும் பினாங்கின் ஊய் தெய்க் ஹோக்கும் மலாயா என்னும் ஒரே பெயரில் ஆடினர். அக்குழுவினர் அனைவரும் சீனரே என்பதை மறைத்தலாகாது. எனினும் அவர்கள் தாங்கிச் சென்றது ஓர் இனத்தின் பெயரன்று.

ஒரு சந்திப்பில் ஒற்றையர் ஆட்டம் 5, இரட்டையர் ஆட்டம் 4, ஆக 9 ஆட்டங்கள். கிளாஸ்கோவில் அமெரிக்காவை 6-3 எனவும், 1949 பிப்ரவரியில் பிரஸ்டன் நகரின் இறுதிச்சுற்றில் டென்மார்க்கை 8-1 எனவும் மலாயா வென்றது. ஆளப்பட்டோர் ஆள்வோரின் மண்ணிலேயே வாகை சூடினர். மலாயா விடுதலை பெற அதன்பின் எட்டாண்டுகள் ஆயின.

1952-லும் 1955-லும் கிண்ணத்தை மலாயா காத்துக்கொண்டது. அவ்விரு சந்திப்புகளும் நடந்த இடம் சிங்கப்பூர் என்பது கருதத்தக்கது. கூட்டமைப்பிற்கு வெளியே நின்ற நகரமே மலாயாவின் வெற்றியைக் கொண்டாடிற்று. 1955-இல் ஆட்டம் நிகழ்ந்த சிங்கப்பூர்ப் பூப்பந்து மண்டபத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மலேசியாவோடு இணைவது பற்றிய 1962-ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் வாக்குகள் அங்கேதான் எண்ணப்பட்டன. 1963-இல் இணைப்பு வந்தது. 1965-இல் பிரிவும் வந்தது. அரசியல் ஈராண்டுகளில் கட்டி அவிழ்த்த முடிச்சைப் பூப்பந்துக் குழு பல்லாண்டுகள் ஓசையின்றிப் போட்டு வைத்திருந்தது.

பெயர் தரும் பெருமிதம் கட்டுமீறுவதும் உண்டு. 1958-இல் மலாயாவிடமிருந்து கிண்ணத்தைக் கைப்பற்றிய இந்தோனேசியா, 1967-இல் ஜக்கார்த்தாவில் மலேசியாவை எதிர்த்தது. இரு நாடுகளுக்குமிடையே நிலவிய ‘கொன்புரொந்தாசி’ பகைமை 1966-இல்தான் ஓய்ந்திருந்தது. மலேசியா 4-3 என முன்னணியில் நின்றபோது, எட்டாம் ஆட்டத்தில் பார்வையாளரின் கூச்சல் எல்லை கடந்தது. நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்தினார். எஞ்சியதை நியூசிலாந்தில் ஆடுமாறு சம்மேளனம் பணித்தது, இந்தோனேசியா மறுத்தது. மலேசியா 6-3 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஏட்டில் அவ்வெண்ணிக்கை இன்றும் இருக்கிறது. எட்டாம் ஆட்டம் முடியவுமில்லை, ஒன்பதாம் ஆட்டம் தொடங்கவுமில்லை.