பயணத் தெரிவு யாருடையது?

பஸ்ஸிற் செல்வதா, சொந்த வாகனத்திற் செல்வதா என்பது தனிமனிதனின் விருப்பமென்றும், அதன் செலவு அவனுடைய சட்டைப்பையை மட்டுமே பொறுத்ததென்றும் பலர் கருதுகின்றனர். நமது நாட்டின் போக்குவரத்து வரலாறு இக்கருத்துக்கு மாறான செய்தியையே கூறுகிறது.

கொழும்பு நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1953 இல், மின்சாரத்தால் இயங்கும் திரொலி பஸ்களும் வந்தன. லக்சபான நீர்மின் நிலையம் 1950 இலேயே இயங்கத் தொடங்கியிருந்தமையால், இந்நாட்டின் நீரே மக்களைச் சுமந்து செல்லும் வாய்ப்பு உருவாகியிருந்தது. எனினும், ட்ராம் 1960 இலும் திரொலி பஸ் 1964 இலும் நிறுத்தப்பட்டன. இறக்குமதி எண்ணெயில் ஓடும் பஸ்களே எஞ்சின. இம்மாற்றத்தை எந்தப் பயணியும் தெரிந்தெடுக்கவில்லை.

1958 சனவரி 1 இல் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. குறைகள் பல இருந்தபோதிலும், போக்குவரத்து மக்களின் உரிமை என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இலாபத்தை நாடும் வண்டி, கூட்டம் சேரும் தடத்தையும் நேரத்தையுமே நாடும். வராத பஸ்ஸுக்குக் காத்திருந்து சலித்தவன், தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கினான். இதனைத் தெரிவு என்பதிலும் நிர்ப்பந்தம் என்பதே பொருந்தும்.

அதன் விலையைக் கணக்கிடுவோம். மாதத்தில் 20 நாள், நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளிற் சென்றுவரும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினால், மாதம் 10 லீற்றர் வேண்டும். 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவருடைய 1,770 ரூபாச் செலவு 4,700 ரூபாவாகும். அதுவும் வரிசையில் நின்று பெற்றோல் கிடைத்தால்! ஆனால், அந்தப் பத்து லீற்றர் வெளிவிடும் காபனீரொட்சைட்டு அன்றும் இன்றும் ஏறத்தாழ 23 கிலோகிராமே. பணச்செலவை ஆசிரியர் செலுத்துகிறார். சூழலின் செலவையோ, வாகனமே இல்லாத ஏழையும் நாளை பிறக்கும் குழந்தையும் சேர்ந்து செலுத்துகின்றனர்.

அதே 20 கிலோமீற்றருக்கு அம் மோட்டார் சைக்கிள் ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமான காபனீரொட்சைட்டை விடுகிறது. லீற்றர் டீசலுக்கு 4 கிலோமீற்றர் ஓடும் பஸ் 50 பேரை ஏற்றிச் சென்றால், ஒருவரின் பங்கு கால் கிலோகிராமளவே.

எரிபொருளின்றி வாழ்ந்த அனுபவமும் நமக்குண்டு. 1990 களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் நெருக்குண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில், துவிச்சக்கர வண்டியே ஆளையும் விறகையும் மரக்கறியையும் சுமந்தது. மோட்டார் வாகனங்களோ மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடின. அத்துன்பத்தைச் சூழற் பாதுகாப்பென்று புகழ்வது மக்களை அவமதிப்பதாகும். பற்றாக்குறை திணிக்கும் சிக்கனம் நிலைப்பதில்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் திறக்கப்பட்டதும், சொந்த வாகன ஆசை மீண்டும் தலைதூக்கியமை இதற்குச் சான்று.

எனவே, மக்களுக்கு உபதேசம் செய்வதால் மட்டும் பயனில்லை. நேரந்தவறாத பஸ்ஸும் புகையிரதமும், அச்சமின்றிச் சைக்கிளோட்டத் தக்க வீதியும் வேண்டும். அவற்றைப் பெறும்வரை கூட்டாகக் கோருவதே நம்முன்னுள்ள உண்மையான தெரிவு.