கீரைக்காரம்மாவுக்குக் கிடைக்காத அட்டை

பதிவு கொஞ்சம் நீளம்தான். சரித்திர வாத்தியாரிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்?

போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு தென்னூர் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, "இந்த விலையை யார் தாத்தா போடுறாங்க?" என்றான். அங்கே சொல்ல ஆரம்பித்தது, வீடு வந்த பிறகும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

திருச்சிக்காரர்களுக்குக் காய்கறி என்றால் காந்தி மார்க்கெட். 1868இல் தொடங்கி 1927இல் பெரிதாக்கப்பட்டது. ராத்திரியில் லாரி வந்து இறங்கும், விடிவதற்குள் மொத்த வியாபாரம் முடிந்துவிடும். விளைவித்தவர் மண்டியில் சரக்கைப் போட்டுவிட்டு, கமிஷன் போகக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்.

இதற்கு மாற்றாகத்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் திறந்து வைத்தார். யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. பஞ்சாபில் 1987இலேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது. ஆந்திராவில் 'ரைது பஜார்' அதே 1999இன் தொடக்கத்தில் வந்தது. நம் மாநிலத்தில் கொஞ்ச காலத்திலேயே நூற்றுக்கு மேல் சந்தைகள் திறந்தார்கள். 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்தது, 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. அரசியல் அவ்வளவு போதும்.

பேரன் கேட்ட விலைக்கு வருகிறேன். தினமும் காலையில் மொத்த விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் பார்த்து இடையில் ஒரு விலை வைப்பார்கள். மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலே, சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழே என்பது கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். நல்ல திட்டம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் உள்ளே உட்கார அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு நிலமும் சாகுபடியும் காட்ட வேண்டும். இங்கேதான் எனக்கு எங்கள் தெருக் கீரைக்காரம்மா ஞாபகம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு இருபது வருஷத்துக்கு மேல் வந்தவர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் நொச்சியம் பக்கம் வீடு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி பறித்து, வாழைநாரில் கட்டி, கூடையோடு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கூடவே நாலு வாழைப்பூ, தண்டு. பறித்து இரண்டு மணி நேரத்தில் நம் வீட்டு அடுப்பில் இருக்கும். மிச்சம் இருந்தால் மாட்டுக்குப் போகும். இன்று 'ஆர்கானிக்' என்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்கிறார்களே, அது எத்தனை நாள் பயணம் செய்து வருகிறதோ!

உழவர் சந்தைக் கணக்கில் அந்த அம்மா உழவர் இல்லை, இடைத்தரகர். மார்க்கெட் கணக்கில் வியாபாரியும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஆள்.

இனி சொல்லப்போவதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. 2010 வாக்கில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சேர்ந்து, தெருவோரக் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல், அகற்ற வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். கூடைக்காரர்களை மட்டுமாவது விட்டுவிடலாமே என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கூடையைத் தலையில் வைத்தபடியே கேட்டார்: "எங்கயும் எறக்கி வைக்க விட மாட்டேங்கிறாங்க சார். யாரோ எழுதிப் போட்டுட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அன்றைக்கு இரண்டு கட்டு கூடுதலாக வாங்கினேன். பிறகு வருவது குறைந்து, நின்றே போனது.

தெருவில் விற்பதும் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்திய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதுவரை யாரையும் அகற்றக் கூடாது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நிலம் இருக்கிறதா என்று இந்தச் சட்டம் கேட்கவில்லை. ஒரு கூடை இருந்தால் போதும்.

உழவர் சந்தையிலிருந்து திரும்பிய மறுநாள் சாத்தார வீதிப் பக்கம் அந்த அம்மாவின் மருமகளைப் பார்த்தேன். அதே வாழைநார்க் கட்டு, கேட்காமலே தெரிந்தது. மாமியார் இறந்து மூன்று வருஷம் ஆகிறதாம். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். "அப்படின்னா என்ன சார்?" என்றார்.

மனு எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாநகராட்சியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், என்னென்ன காகிதம் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். தினமும் காலையில் ஏழு மணிக்குள் அந்தப் பெண் அங்கே வந்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் போனால் மணத்தக்காளி கேட்டு வாங்குங்கள், ஒன்பது மணிக்கு மேல் கிடைக்காது.